பாப் கச்சேரிகளில் பாடகர்கள் வெறுமனே வாயசைக்கிறார்களாமே, காசு கொடுத்துப் போவது வீண்தானா?

இதைக் கேட்கும் நீங்கள் அநேகமாக டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். "எல்லாம் ரெக்கார்டிங்தான், வீட்டிலேயே கேட்டுக்கலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார். நான் அப்படிச் சொல்லும் ஆளோடேயே கச்சேரிக்குப் போனவன். போங்க, வீணே இல்லை.

பள்ளி நாட்களிலிருந்து நான் கேட்டு வரும் பாடகி. பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எங்களுக்குக் கிடைத்தது ஸ்டேடியத்தின் பின்பக்க மேல் அடுக்கு. அங்கிருந்து முகம் தெரியாது, பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது பாட்டிலேயே நண்பர் குனிந்து, "உதடு ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் வருது பாரு. வாயசைப்புதான்" என்றார். அப்புறமும் விடவில்லை, பாட்டுக்குப் பாட்டு அதையே சொன்னார். இத்தனை வருடக் காத்திருப்பை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இப்படிக் கலைப்பது எவ்வளவு வலிக்கும் என்று ரசிகராக இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் வந்து சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும். திரையில் உதடு அசைவதோ உடனே தெரிந்துவிடும். நடுவில் நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களையும் அதற்கேற்பத் தாமதப்படுத்தித்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு தடவை கேட்கும். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு வாயசைத்தாலும் அந்த இடத்தில் இதே தாமதம்தான் இருக்கும். அதனால் உதடு பொருந்தாததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

ஏமாற்றே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1989-ல் மில்லி வனிலி என்ற இருவர் பாப் குழுவின் மேடையில் ரெக்கார்டிங் சிக்கிக்கொண்டு ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. ஆல்பத்திலேயே பாடியது அவர்கள் இல்லை என்று வெளிவந்து, 1990-ல் கிராமி விருதும் பறிபோனது. ஓடி ஆடும் பாட்டுகளில் பின்னணிக் குரலை ட்ராக்கில் ஓடவிட்டு மேலே பாடுவதும் சகஜம். எனக்கு அதில் குறையில்லை.

ஆனால் அன்றைக்கு ஒரு மெதுவான பாட்டு வந்தது, பியானோ மட்டும். முதல் வரியிலேயே ஸ்கேல், அதாவது சுருதி, ஆல்பத்தில் இருப்பதைவிட இறங்கியிருப்பது தெரிந்தது. ஊர் ஊராகப் பாடும் குரலைக் காப்பாற்றப் பலர் இப்படி இறக்கிக்கொள்வார்கள். உச்ச வரியில் குரல் உடைந்தது. அவர் மைக்கை நகர்த்திவிட்டு மூச்சு வாங்கினார், இசையும் தன் குரலும் கேட்கப் பாடகர்கள் காதில் மாட்டும் கருவியை ஒரு பக்கம் கழற்றினார், மிச்ச வரியை நாங்கள் பாடினோம். நாங்கள் பாடுவது அவருக்குத் தாமதமாகத்தான் கேட்கும். அதைப் பின்தொடர்ந்தால் பாட்டே இழுபடும். அவர் தாளத்தை விடாமல் சரியான இடத்தில் திரும்ப வந்து சேர்ந்தார். அவர் அங்கே நின்று பாடுகிறார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அழுதேன். நண்பர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விளையாட்டுப் போட்டி பார்க்க லீவு கேட்டால் அலுவலகத்தில் உடனே கிடைக்கும், அடுத்த நாள் ஸ்கோரும் விசாரிப்பார்கள். இந்தக் கச்சேரிக்குக் கேட்டபோது "இந்த வயசுலயா?" என்று என் மேலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். ஆட்டக்காரர் பெயர் போட்ட சட்டையோடு வேலைக்கு வருபவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். பெரியவர்கள் ஒரு பாட்டுக்காக அழுவதில் என்ன கேவலம் இருக்கிறது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். முடிந்தால் ஒலிக் கலவை மேசைக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள். அங்கே உட்கார்ந்து கேட்டுத்தான் இன்ஜினியர் ஒலியைச் சரிசெய்கிறார். காதடைப்பான் கொண்டு போங்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கச்சேரி அரங்குகளுக்குச் சொன்ன வரம்பே சராசரியாக 100 டெசிபல், அதுவே காதுக்கு அதிகம்தான். கூட வருபவருக்கும் அந்தப் பாடகரைப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காதென்றால் தனியாகவே போங்கள்.