பெல்ட் நாலு, சேனல் ரெண்டு

கேள்வி: இரண்டு குத்துச்சண்டை சாம்பியன்களும் 'நான் தயார், அவன்தான் ஓடுகிறான்' என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பதில்: பெரும்பாலும் இரண்டு பேருமே ஓடவில்லை. அவர்கள் தரப்பு கையெழுத்துப் போட்ட தாள்கள்தான் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நிற்கின்றன. ஒரு சாம்பியனுக்கு ஒரு புரொமோட்டர் (சண்டையை ஏற்பாடு செய்து விற்பவர்), அந்த புரொமோட்டருக்கு ஒரு டிவி நிறுவனத்தோடு பல வருட ஒப்பந்தம், 'என் ஆள் உங்கள் திரையில் மட்டும்தான் வருவார்' என்று எழுதியே கொடுத்திருப்பார். எதிர்முகாமிலும் இதே கதை, சேனல் பெயர் மட்டும் வேறு. சண்டை ஒன்று, அதை 'எனக்கு மட்டும்' என்று கேட்கும் சேனல் இரண்டு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, அதை யாரும் மைக்கில் சொல்ல மாட்டார்கள். பெல்ட், அதாவது சாம்பியன் பட்டம், வைத்திருக்கும் வீரர் சுமாரான எதிராளியோடு மோதினாலும் புரொமோட்டருக்கு வருமானம் வரும். அதே ஆளை இன்னொரு சாம்பியனிடம் அனுப்பி அவர் தோற்றால், பெல்ட், அடுத்தடுத்த சண்டைகள், டிவியிடம் பேரம் பேசும் பலம் எல்லாம் ஒரே ராத்திரியில் எதிர்முகாமுக்குப் போய்விடும். மறுசண்டை கட்டாயம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி அடம்பிடிப்பது இதனால்தான்.

விளைவைப் பாருங்கள். 1999 நவம்பரில் லெனாக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்டை வென்று ஹெவிவெயிட் எடைப் பிரிவில் அன்றைய மூன்று முக்கிய பெல்ட்டுகளையும் சேர்த்தார். அதற்கப்புறம் மறுப்பில்லாத (எல்லா முக்கிய பெல்ட்டும் கையில் உள்ள) ஹெவிவெயிட் சாம்பியன் என்று ஒருவர் வர 2024 மே மாதம் ஆனது. ரியாத்தில் டைசன் ஃப்யூரியை வென்ற உசிக். நடுவில் இருபத்து நாலரை வருடம்! (அந்த இடைவெளியில் பெல்ட்டுகளைப் பிரித்து வைத்திருந்த கிளிட்ச்கோ சகோதரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத மாட்டோம் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் எந்த சேனலையும் குறை சொல்ல முடியாது.)

கேள்வி: மேவெதர்-பாக்கியாவ் சண்டை தாமதமானதும் டிவியால்தானா?

பதில்: முதலில் இல்லை. 2010 மார்ச்சுக்குத் திட்டமிட்டார்கள், ரத்தப் பரிசோதனை எப்படி, எப்போது என்ற தகராறில் உடைந்தது. போதாததற்கு மேவெதர் ஏற்கெனவே பாப் ஆரமின் டாப் ரேங்க் என்ற புரொமோஷன் நிறுவனத்தை விட்டு விலகியவர், பாக்கியாவின் புரொமோட்டரும் அதே ஆரம், பழைய கசப்பு வேறு. 2013-ல் மேவெதர் எச்பிஓ சேனலிலிருந்து ஷோடைம் சேனலுக்குப் போனதும் டிவிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் 2015 மே 2-ஆம் தேதி இரண்டு சேனல்களும் சேர்ந்தே ஒளிபரப்பின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் பேர், ஏறக்குறைய 100 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் 33 வயதும் 31 வயதுமாக மோதியிருக்க வேண்டியவர்கள் 38-லும் 36-லும் மோதினார்கள். பணம் ஊறியது, கால்கள் ஊறவில்லை. நானும் முழித்திருந்து பார்த்தேன், பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தபோது வந்தது கொட்டாவிதான்.

கேள்வி: ஜோஷுவா-வைல்டர் சண்டையும் இப்படித் தள்ளிப்போனதுதானே?

பதில்: தள்ளிப்போகவில்லை, கைநழுவியே போனது. 2018-ல் ஜோஷுவாவிடம் மூன்று பெல்ட், வைல்டரிடம் ஒன்று. வைல்டர் தரப்பு 5 கோடி டாலர் தருவதாகப் பகிரங்கமாகச் சொன்னது. தேதி, இடம், மறுசண்டைக்கு யார் பங்கு எவ்வளவு என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். 2019 ஜூனில் யாரும் எதிர்பாராத ஆண்டி ரூயிஸ் ஏழாவது ரவுண்டில் ஜோஷுவாவை முடித்துவைத்தார், அடுத்த வருடம் பிப்ரவரியில் ஃப்யூரியிடம் வைல்டர் விழுந்தார். பேரம் பேசப் பொருளே இல்லை.

கேள்வி: எல்லா பெல்ட்டும் சேர்ந்த பிறகாவது நிலைக்குமா?

பதில்: சில வாரம் நிலைக்கும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, இங்கே கூத்தாடிகள் பட்டம் வழங்கும் நாலு அமைப்புகள்: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. ஒவ்வொன்றும் பட்டச் சண்டைக்குக் கட்டணம் வாங்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கட்டாய எதிராளி (சாம்பியன் மோதியே ஆக வேண்டியவர்) இருப்பார். ஒரே மனிதர் நாலு பேரோடும் கெடுவுக்குள் எப்படி மோதுவார்? உசிக் ஃப்யூரியோடு மறுசண்டைக்குப் போக வேண்டியிருந்ததால், அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். அது ரிங்கில் ஒரு குத்தும் விழாமலே பிரிட்டிஷ் வீரர் டுபுவாவுக்குப் போனது. ரிடிக் போ 1992-ல் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியிலேயே போட்டார், ஆனால் அது லூயிஸோடு மோதாமல் தப்பிக்க, அந்தக் கதை வேறு.

கேள்வி: இப்போது மட்டும் எப்படிப் பெரிய சண்டைகள் நடக்கின்றன?

பதில்: சவுதிப் பணம். பெடர்பியேவ் டாப் ரேங்க் பக்கம், பிவோல் மேட்ச்ரூம் என்ற இன்னொரு புரொமோஷன் நிறுவனத்தின் பக்கம். 2024 அக்டோபரில் ரியாத்தில் மோதினார்கள், லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவில் நாலு பெல்ட்டும் முதல்முறையாக ஒருவரிடம் சேர்ந்தது. இரண்டு தரப்பும் கேட்டதைக் கொடுக்க ஒருவர் இருந்தால் கொள்கையெல்லாம் கரைந்துவிடுகிறது. இன்னொரு வழி பொறுமை. கிராஃபோர்ட் டாப் ரேங்க் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த பிறகுதான், 2023 ஜூலையில், எதிர்முகாம் ஸ்பென்ஸோடு நாலு பெல்ட் சண்டை நடந்தது. ஒன்பதாவது ரவுண்டில் முடிந்துவிட்டது.

கேள்வி: இரண்டு சேனல் சேர்ந்தால் ரிங்கில் மைக் பிடிப்பது யார்?

பதில்: நல்ல கேள்வி, இதற்கும் பேச்சுவார்த்தைதான். 2002-ல் மெம்ஃபிஸில் லூயிஸும் மைக் டைசனும் மோதியபோது, எச்பிஓ ஆளான லூயிஸை மைக்கேல் பஃபரும், ஷோடைம் ஆளான டைசனை ஜிம்மி லெனனும் அறிமுகம் செய்தார்கள். வீரர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ரிங்கின் குறுக்கே மஞ்சள் சட்டைக் காவலர்கள் வரிசையாக நின்றார்கள். அது சேனல்களுக்காக இல்லை, டைசனுக்காக.