சிங்கப்பூருக்கு வரும் முன் அந்தப் பனிக்கால டயர்களை விற்றுவிடுங்கள்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். மியூனிக்கில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறீர்கள். அக்டோபரில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுப் பனிக்கால டயர்களை மாட்டுவதும், ஈஸ்டர் முடிந்ததும் கோடை டயர்களுக்கு மாறுவதும் உங்கள் வழக்கம். இப்போது சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. காரைக் கப்பலில் கொண்டுவரலாமா? பனிக்கால டயர் இங்கே மழைக்காவது பயன்படுமா? அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு டயர் மாற்றும் வேலையை நாமே செய்துகொள்ள முடியுமா? இவைதாம் நீங்கள் கேட்டவை. நான் இங்கே டயர் தொழிலிலேயே நெடுங்காலமாக இருப்பவன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் வராது. ஜெர்மனியில் வாங்கிய காரின் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இங்கே சாலையின் இடப்புறத்தில் ஓட்டுகிறோம். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களைத்தான் பதிவு செய்வார்கள். உங்கள் கார் லண்டனில் வாங்கியதாக இருந்தால்கூட, மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் தேற வேண்டும், பழைய கார் என்பதற்காக 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) தனியாகக் கட்ட வேண்டும். மனதைத் தேற்றிக்கொண்டு அங்கேயே விற்றுவிடுங்கள். பனிக்கால டயர்களை ரிம்மோடு சேர்த்துக் காருடனேயே கொடுத்துவிடுங்கள். அவற்றின் மதிப்பு தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே கொண்டுவந்தால் அந்த அளவையும் வகையையும் கேட்டு வாங்க ஆள் கிடைக்காது.

இங்கே வந்து இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் சந்தை விலை 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று உண்டு: முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, அதற்கும் மேலான 20,000க்கு 250. கூட்டினால் 136,000 வெள்ளி. 80,000ஐத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு. சுங்க வரி 20 விழுக்காடு, பொருள் சேவை வரி 9 விழுக்காடு. இவற்றோடு வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். பெரிய கார்களுக்கான பிரிவில் அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலான ஏலங்களில் அது லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. ஆக, 80,000 வெள்ளிக் கார் உங்கள் கைக்கு வரும்போது, விற்பவரின் லாபத்தைச் சேர்க்காமலேயே 340,000 வெள்ளியைத் தாண்டிவிடும். அந்தச் சான்றிதழும் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். விரைவுச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். முதல் வருடம் எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வாருங்கள், ஊர் பிடிபட்ட பிறகு கார் தேவைதானா என்று பாருங்கள் என்பதுதான் என் உறுதியான ஆலோசனை. அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் வாங்குங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். கார் மேல் இருக்கும் பிரியம் எனக்கும் தெரியும்.

இனி டயர். பனிக்கால டயரை இங்கே மாட்டக்கூடாது என்பதற்குக் காரணம் ரப்பரிலேயே இருக்கிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போய்ச் சாலையைப் பிடிக்காது. அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருப்பதற்காகவே பனிக்கால டயரின் கலவையை மிருதுவாகச் செய்கிறார்கள். பனியைக் கவ்விக்கொள்ள ஒவ்வொரு பட்டனிலும், அதாவது சாலையைத் தொடும் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும், நுண்ணிய கீறல்களை வெட்டி வைக்கிறார்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே சுமார் 19 டிகிரிதான். உச்சி வெயிலில் தார்ச்சாலை கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்தச் சூட்டில் பனிக்கால டயரின் பட்டன்கள் பிரேக் போடும்போது நிலையாக நிற்காமல் நெளியும். கார் நிற்கும் தூரம் நீளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும். டயரும் மளமளவென்று தேயும்.

கீறல்கள் நிறைய இருக்கிறதே, மழைத் தண்ணீரை நன்றாக வெளியேற்றுமே என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். 5 டிகிரியில் பெய்யும் ஜெர்மன் மழைக்கு அது சரி. இங்கே மழை பெய்யும்போதும் வெப்பநிலை இருபதுகளில்தான் நிற்கும். இந்த வெப்பத்துக்கு ஏற்ற ரப்பரில், தண்ணீரைத் தள்ளும் ஆழமான பள்ளங்கள் உள்ள நல்ல கோடை டயர்தான் இங்கே வேண்டும். ஆண்டு முழுவதும் அதே டயர்தான்.

மழையைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருபவர்கள் வெயிலுக்குத் தயாராகி வருகிறார்கள், மழைக்குத் தயாராவதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாள்கள் உண்டு. அதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்து ஓட்டலாம். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று வந்து இறங்குகிற காற்று மழைதான் ஆளைத் தடுமாற வைக்கும். ஐந்து நிமிடம் முன்பு காய்ந்து கிடந்த தீவு விரைவுச்சாலையில் முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த இடங்களில் வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தில் கண் வைத்துப் போங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தண்ணீரும் கலந்து வழுக்கும். உங்கள் கார் போன்ற வண்டிகளின் டயர் அகலமானது. அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். பள்ளம் தேய்ந்திருந்தால் தள்ள முடியாமல் தண்ணீரின் மேலேயே மிதந்துவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேருக்குத்தான் இருக்கும்.

சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். புதிய டயரில் சுமார் 8 இருக்கும். என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது, 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடுங்கள் என்பதுதான். பந்தயத் தடத்துக்கென்று செய்த, பள்ளமே பெயருக்கு இருக்கிற டயர்களைச் சில இளைஞர்கள் அன்றாட ஓட்டத்துக்கு மாட்டிக்கொள்கிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

ஒரு முறை இழுவை வண்டியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் கடைக்கு வந்தது. மழையில் பின்பக்கம் வழுக்கித் தடுப்பில் மோதியிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவர், டயர் நன்றாகத்தானே இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் சொன்னது உண்மை. பட்டன் நன்றாகவே இருந்தது. காரைத் தூக்கிப் பின்சக்கரத்தின் உள் ஓரத்தை விளக்கடித்துக் காட்டினேன். இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. ஓர் இடத்தில் ரப்பர் போய் உள்ளே இருக்கும் கம்பி இழை பளபளத்தது. இந்தக் கார்களின் பின்சக்கரங்கள் மேற்பகுதி உள்நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்கும். வளைவில் நன்றாகப் பிடிப்பதற்காகச் செய்வது அது. அதனால் உள் ஓரம் முதலில் தேயும், நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை கைப்பேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி உள் ஓரத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் என்றால், மற்ற கார்களைப் போல முன்னதைப் பின்னுக்கு மாற்றிச் சமாளிக்கவும் முடியாது. மியூனிக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை சக்கரத்தைக் கழற்றும்போதே உங்கள் கண்ணில் இதெல்லாம் பட்டிருக்கும். இங்கே கழற்றும் காலமே வராது என்பதால், பார்க்கும் பழக்கத்தை நீங்களாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கினால் நான்கு சக்கரத்திலும் இதைக் குனிந்து படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். காற்றழுத்தத்தைக் கார் ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். வெயிலில் ஓடி வந்த டயரில் அளவு கூடத்தான் காட்டும். கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

வீட்டில் நாமே செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பெரும்பாலோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். அதன் கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்கும் வேலைக்கு அனுமதி இல்லை. வண்டி நகர முடியாமல் நின்றுவிட்டால் நகர்த்துவதற்கான சிறு வேலை வேறு. கொண்டோமினியம் எனும் தனியார் அடுக்குமாடியிலும் நிர்வாகத்தைக் கேட்காமல் ஜாக்கியை எடுக்காதீர்கள். தரைவீடு வாடகைக்குக் கிடைத்து, சொந்த முற்றம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். மற்றபடி காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் டயர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடையில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். தாழ்வான கார் என்பதால் ஜாக்கி வைக்கும் இடம் சரிதானா என்று பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டை முடுக்கிவிட்டு நிறுத்த விடாதீர்கள். கடைசி முறுக்கை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், எதிரெதிர் போல்ட்டாக, உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். காருக்குக் கார் அது 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் வரை மாறும். உங்கள் சொந்த டார்க் ரென்ச்சைக் கொண்டுவாருங்கள், நல்லதுதான். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை சரிபார்க்க அதுவே போதும்.

கழற்றிய டயரை வீட்டில் வைக்க நினைக்காதீர்கள். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தீப்பற்றக்கூடிய பொருளை வைக்கக்கூடாது, வழியும் 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி இருக்க வேண்டும். தரைவீட்டு முற்றத்தில் போட்டால் மழைத் தண்ணீர் டயருக்குள் தேங்கி, டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தினர் வந்து பார்த்தால் அபராதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைவிடப் பெரிய வேதனை. பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

மலேசியாவின் கேமரன் மலைக்கு இதே டயரில் போய்வரலாம். இரவில் சட்டை மேல் சட்டை போட வைக்கும் குளிர்தான், ஆனால் டயருக்கு அது குளிரே அல்ல. எல்லை தாண்டும் முன் பெட்ரோல் டாங்கி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம், மறந்துவிடாதீர்கள்.

பனிக்கால டயர் பற்றிய உங்கள் அறிவு வீணாகிவிடாது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போகிறார்கள்; அங்கே இறங்கி வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே வாடகைக் காரில் பனிக்கால டயர் மாட்டியேதான் கொடுப்பார்கள். ஆனால் ஓட்டுபவர் வாழ்நாளில் பனியில் ஒரு முறைகூட பிரேக் போட்டிருக்க மாட்டார். நாற்சக்கர இயக்கம் இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்புவார். அது கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது என்று சொல்ல இங்கே ஆள் குறைவு. வந்ததும் உங்கள் அலுவலகத்தில், கோயிலில், பக்கத்து வீட்டில் இப்படிக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். இடைவெளி எவ்வளவு விட வேண்டும், கருப்பாகத் தெரியும் சாலையும் ஏன் உறைந்திருக்கும், பாலத்தின் மேல் ஏன் முதலில் உறையும் என்றெல்லாம் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேலை அனுமதியில் வருபவர் வெளிநாட்டு உரிமத்தை வைத்து ஓராண்டு வரை ஓட்டலாம். அதற்குள் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி, இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் உரிமம் ஜெர்மன் மொழியில் இருப்பதால் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை அங்கிருந்தே எடுத்துவாருங்கள். தேர்வுக்கு இடம் உடனே கிடைத்துவிடும் என்று இருக்க வேண்டாம். வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.