ஆறு ஆண்டுக்கும் கொடுங்கள்

வணக்கம் ஐயா,

புத்தூரில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, காட்மாண்டு ஷெச்சென் மடத்தில் இருக்கும் சேரிங் கலைப்பள்ளிக்குப் பணம் அனுப்ப நினைக்கிறோம். இமயமலை ஊர்களின் வசதியில்லாத பிள்ளைகளும் அங்கே ‘தங்கா’ என்ற, துணியில் தீட்டும் பௌத்த ஓவியம் கற்கிறார்கள். எங்களில் ஒருவர் மட்டும், “கஷ்டப்படுகிற பிள்ளைக்குப் புத்தர் படம் எதற்கு? கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தால் பிழைப்பான்” என்கிறார். உங்கள் கருத்து?

– ஒரு வாசகி, புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்தாமல், ஒரு பிள்ளைக்காவது படிப்பு முடியும்வரை கொடுங்கள்.

1996இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் தங்கா படிப்பு ஆறு ஆண்டு. தொடக்கத்தில் வெறும் பென்சில்தான். புத்தரின் தலை இத்தனை அளவு, தோள் இத்தனை அளவு என்று கட்டம் போட்டு, வரைந்து, அழித்து, மறுபடி வரைய வேண்டும். வண்ணம் அதற்குப் பிறகு. துணியில் பசையும் சுண்ணமும் பூசித் தேய்ப்பது, கல்லை அரைத்து நீலமும் பச்சையும் எடுப்பது, பொன் தீட்டுவது என்று அது நீளும். முகத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள். கண் திறப்பது அதற்கும் கடைசி.

வறுமை இதன் நடுவில்தான் வந்து கையைப் பிடிக்கும். பாதி கற்ற கைக்கும் அந்த ஊரில் வேலை உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கு மலிவாகத் தங்கா விற்கும் கடைகள் நிறைய. வீட்டில் கஷ்டம் என்றால், வண்ணம் நிரப்பும் கூலிக்குப் போய்விடத் தோன்றும். போனவன் கண் திறக்கக் கற்பதேயில்லை.

நம் பக்கத்துக் காளத்தியில், கலம்காரித் துணி ஓவியத்தில் இதைப் பார்க்கலாம். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பைத் தொட்டு மூங்கில் பேனாவால் கோடு இழுக்கிறவருக்கு ஒரு மதிப்பு. அந்தக் கோட்டுக்குள் வண்ணம் நிரப்புகிறவருக்கு நாள்கூலி. இரண்டு பேரையும் பிரிப்பது திறமை மட்டுமல்ல, கற்றுக்கொள்ளக் கிடைத்த வருடங்களும்தான்.

கம்ப்யூட்டரும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கும் கிடைக்கும். குருவின் கை பார்த்துக் கற்பது, கற்றவர் போய்விட்டால் போனதுதான். அமராவதியில் புத்தர் கதைகளைச் செதுக்கிய கைகளுக்கு இன்று வாரிசு யார்? கற்கள் மட்டும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் நிற்கின்றன. இமயத்தில் அந்தத் தொடர்ச்சி இன்னும் அறுபடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதில் ஓர் இடம் கிடைப்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பள்ளிக்கு எழுதும்போது இரண்டு கேளுங்கள்: படிப்பை நடுவில் நிறுத்துகிற நிலையில் யாராவது இருக்கிறார்களா, பெண் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கு என்ன தேவை. பிள்ளையின் படத்தையோ குடும்பக் கஷ்டத்தையோ அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டு. உங்கள் நண்பர் சேராவிட்டால் வருத்தப்படாதீர்கள்; அவர் பங்கை நான் போடுகிறேன், விவரம் எழுதுங்கள்.

அன்புடன்.