புதுவீட்டுக் குடிபூரலுக்கு எவர்சில்வர் குடம் வைக்கலாமோ?

தங்கச்சி, வீட்டில பித்தளைக் குடம் இல்லை, எவர்சில்வரில நிறைகுடம் வைச்சால் மாமி குறை சொல்லுவா, மகள் வேற "தண்ணிக் குடத்தை ஏன் கும்பிடுறது?" எண்டு கேக்கிறாள் எண்டு எழுதியிருந்தீங்கள்.

செம்பு, பித்தளை, மண் எண்டுதான் பழையாக்கள் சொல்லுவினம். அவையின்ர காலத்தில எவர்சில்வர் இல்லை, அவ்வளவுதான். எண்டாலும் மாமியோட மல்லுக்கட்டாதேங்கோ. அயலில ஒண்டு இரவல் வாங்கிப் பழப்புளி போட்டு மினுக்குங்கோ, அலுவல் முடிஞ்சுது.

மகளுக்குக் கோயில் கும்பத்தைக் காட்டுங்கோ. குடம் உடம்பு, அதில சுத்தின நூல் நரம்பு, தண்ணி இரத்தம், தேங்காய் தலை, மாவிலை சடை. உருவமில்லாத சுவாமிக்கு ஒரு உடம்பு குடுத்து இருத்திறம். வாசல் நிறைகுடத்துக்கு நூல் சுத்திறேல்லை, மற்றும்படி அதே உருவந்தான். நல்லூர்த் திருவிழாவில சுவாமி வாற வழிக்கு வீட்டுக்காரர் வைக்கிறதும் இதைத்தான். கொள்ளிக்குடத்தில மூண்டு சுத்துக்கு மூண்டு ஓட்டை போட்டுத் தண்ணியை ஓடவிட்டு உடைக்கிறதையும் யோசிச்சுப் பாருங்கோ. அங்கேயும் குடம் உடம்புதான். இதைப் பிள்ளைக்கு இப்ப சொல்லவேண்டாம், உங்களுக்குத்தான்.

தேங்காயைக் குலுக்கித் தண்ணிச் சத்தம் கேட்டு எடுங்கோ, குடுமியை முழுக்கப் பிடுங்கிப்போடாதேங்கோ. மாவிலை அஞ்சோ ஏழோ. கீழ பரப்ப நெல் கிடைக்காட்டிப் பச்சையரிசி காணும். வாசல் காத்துக்கு விளக்கு நூரும், அபசகுனம் எண்டு பதறாமல் நெருப்புப்பெட்டியைக் கிட்ட வைச்சிருங்கோ.