டர்போ போச்சா, டியூப் போச்சா?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பழைய டர்போ டீசல் கார்களைப் பற்றியவை. பாதிப் பேர் டர்போவுக்கு விலை விசாரித்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

"2010 மாடல் டீசல் ஸ்விஃப்ட். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியவில்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை ஏற்றம் ஏறினால் பிக்கப் இல்லை. பின்னால் கரும்புகை, பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று சத்தம். டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?" (குலசேகரம்)

பொறுங்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற விசிறி. 'உஸ்' என்பது காற்று வெளியே ஓடுகிற சத்தம். டர்போவின் பேரிங் தேய்ந்து விசிறி உரசினால் சைரன் மாதிரி ஊளையிடும். நீங்கள் சொல்வது முதல் வகை.

ஐடிலில் டர்போ காற்றை அழுத்துவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். லோடு ஏறும்போதுதான் குழாய்க்குள் 1 பார் அளவுக்கு அழுத்தம் வரும். அதனால்தான் நின்ற வண்டியில் தெரியாத ஓட்டை ஏற்றத்தில் தெரிகிறது. காற்று வழியில் போய்விடுகிறது, டீசல் மட்டும் முழுசாக உள்ளே போகிறது. எரியாத மிச்சம் கரும்புகை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயை ஃபில்டர் பக்கம் கழற்றுங்கள். அந்த வாய்க்குப் பொருந்துகிற பிவிசி எண்ட் கேப்பை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைச் சொருகுங்கள். குழாய்க்குள் கேப்பை வைத்து கிளிப்பை நன்றாக முறுக்கிவிடுங்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற பிரீதர் குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். மறந்தால் காற்று ஆயில் சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போய் சீல்களைத் தள்ளிவிடும். அப்புறம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக 10 பவுண்ட் வரை ஏற்றுங்கள், 15-ஐத் தாண்ட வேண்டாம். கேப்புக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், தெறித்தால் பல் போகும்.

இனி ஷாம்பு தண்ணீரைத் தெளித்துக்கொண்டே காதைக் கொடுங்கள். இன்டர்கூலருக்கு (டர்போ அனுப்பும் சூடான காற்றை ஆற்றுகிற ரேடியேட்டர்) போகும் கீழ்க் குழாயின் வளைவு, கிளிப் உட்காரும் இடம், இன்டர்கூலரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, இஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு) கேஸ்கெட் என்று வரிசையாகப் பாருங்கள். நான் பார்த்தவரை கீழ் வளைவுதான் அதிகம். வெளியே நல்ல குழாய் போலவே இருக்கும். காற்று ஏறியதும் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் மீன் வாய் போலத் திறந்து நுரை கக்கும், காற்றை விட்டதும் மூடிக்கொள்ளும். கையால் தடவிப் பார்த்து 'குழாய் ஓகே' என்று சொல்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். அழுத்தம் மெதுவாக இறங்கினால் கவலை வேண்டாம், எஞ்சின் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

எங்குமே நுரை வரவில்லையா? அடுத்து இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டர்போவை வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுப்பால்) கட்டுப்படுத்தும் வண்டி என்றால் பென்சில் மொத்தமுள்ள அந்தக் கறுப்புக் குழாய்களையும் பார்க்க வேண்டும். தென்னந்தோப்பு வீடுகளில் இதை எலி கடித்து வைப்பது சகஜம். கூடவே பிரேக் பெடலும் கட்டியானால் சந்தேகமே வேண்டாம், இரண்டுக்கும் ஒரே வேக்குவம் பம்ப்.

"ஸ்கார்ப்பியோ எம்ஹாக். சர்வீஸில் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில். பயமாக இருக்கிறது." (குளச்சல்)

விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற அளவு என்றால் பயப்படாதீர்கள். பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி அது, பழைய டீசல் எஞ்சின் எல்லாவற்றிலும் இருக்கும். குழாயைச் சாய்த்தால் ஊற்றுகிறது என்றால் வேறு கதை. அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் கிளிப்பும் இன்டர்கூலர் தகடும்தான் முதலில் அரிக்கும். கடற்கரையில் நிறுத்துகிற வண்டிக்கு முன்பக்கம் அடிக்கடி நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள்.

"அண்ணாச்சி, டர்போ ஆயில் தள்ளுகிறது என்று போன மாதம்தான் மாற்றினேன். திரும்பவும் நீலப்புகை. மட்டமான டர்போவைத் தலையில் கட்டிவிட்டார்களா?" (நாகர்கோவில்)

இருக்கலாம். ஆனால் நான் டர்போவைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். டர்போவின் உள்ளே ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற ஒரு மெல்லிய இரும்பு வளையம். இரண்டு பக்க அழுத்தமும் சரியாக இருந்தால்தான் அது தடுக்கும். ஆயில் உள்ளே போவது பம்ப் பிரஷரில், வெளியே வருவதோ தன் எடையில் மட்டும். கீழே இறங்கும் தடித்த ரிட்டர்ன் குழாயில் கரி அடைத்தாலோ, சம்ப்புக்குள் காற்றழுத்தம் ஏறினாலோ, இறங்க வழியில்லாத ஆயில் வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒழுகும். அடைத்த சாக்கடைக்கு மேலே புதுக் குழாய் மாட்டினால் என்ன ஆகும்?

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு ஜீப்பில் இரண்டு டர்போ மாற்றியும் புகை நிற்கவில்லை. மூன்றாவது முறை ரிட்டர்ன் குழாயைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது. கேஸ்கெட்டை நான் திருப்பிப் போட்டிருந்தேன், அது ஓட்டையில் பாதியை மூடியிருந்தது. இரண்டு தடவையும் மாட்டியது நான்தான், யாரைத் திட்ட?

முதலில் பிரீதர் குழாயையும் ஆயில் செப்பரேட்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து சும்மா மேலே வையுங்கள். லேசாக ஆடினால் சரி. இட்லிக் கொப்பரை மூடி போலத் தூக்கி எறிந்து, ஆவியும் குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சில எஞ்சின்களில் மூடி இயல்பாகவே கொஞ்சம் துள்ளும், அதனால் நன்றாக ஓடுகிற அதே மாடல் வண்டியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ ஆயிலை உறிஞ்சும்.

டர்போவையும் பார்த்துவிடலாம். வண்டி ஆறிய பிறகு தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியவே கூடாது. ஆயில் குழாய் இணைப்புகளில் சிலிக்கான் பசை தடவ யாரையும் விடாதீர்கள். பிதுங்கி உள்ளே உதிரும் ஒரு துணுக்கு ஆயில் வழியை அடைத்தால் புது டர்போவும் காலி.

"எஞ்சின் அடிப்பக்கம் முழுக்க ஆயில். எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை." (ஆரல்வாய்மொழி)

காற்றாலை ஓட்டுகிற ஊர்க்காரருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று ஒரு சொட்டை எஞ்சின் முழுக்கப் பூசிவிடும். வயர் கனெக்டர்களை மூடிக்கொண்டு எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவுங்கள். முப்பந்தல் வரை ஒரு ஓட்டு ஓட்டித் திரும்பி வந்து பாருங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் லீக், கீழே உள்ளதெல்லாம் வழிந்தது. டேப்பட் கவர் கேஸ்கெட், டர்போவுக்கு ஆயில் போகும் குழாயின் செம்பு வாஷர், வேக்குவம் பம்ப் சீல் மூன்றையும் முதலில் பாருங்கள். செம்பு வாஷரைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும்.

"கிழிந்த டர்போ குழாயில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். தாங்குமா?" (திங்கள்நகர்)

வீடு போய்ச் சேரலாம். ரப்பர் விளைகிற மாவட்டம்தான், ஆனாலும் நம் ரப்பருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஆகாது. ஊறி, உப்பி, கொழகொழத்துவிடும். ஒரிஜினல் குழாய் வாங்கிப் போடுங்கள்.

"சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை, தானாக ரேஸ் ஆகி வெள்ளைப்புகை கக்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஓட்டலாமா?" (தக்கலை)

கூடாது. டர்போ வழியாக வந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து எஞ்சின் ஓடியிருக்கிறது. டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. மறுபடி நடந்தால், வண்டி நிற்கும் நிலையில் கால் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் முழுசாகப் பிடித்து, பெரிய கியரில் போட்டு கிளட்ச்சைச் சட்டென்று விட்டு எஞ்சினைத் திணறடிக்க வேண்டும். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. காற்றுக் குழாயைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். இப்போதைக்கு ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள். டர்போவோடு இன்டர்கூலரையும் கழற்றி, தேங்கிய ஆயிலை வடிக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால், மிச்ச ஆயிலைக் குடித்து மறுபடி ஓடும்.