பேராசிரியர்கள் ஏன் பதில் போடுவதில்லை? ஓர் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

விருதுநகரிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. மகன் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ராத்திரி வெகுநேரம் வரை கருந்துளை, குவாண்டம் என்று வீடியோ பார்க்கிறான். ஊர் பேர் தெரியாத பேராசிரியர்களுக்கெல்லாம் மெயில் அனுப்புகிறான். ஒருவரும் பதில் போடவில்லை. போட்ட ஒரே ஒருவரும் "முதலில் பாடப்புத்தகத்தைப் படி" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. "இவனுக்கு இயற்பியல் சரிப்படுமா, இல்லை இப்போதே எம்.சி.ஏ. பக்கம் திருப்பிவிடலாமா?" இதுதானே உங்கள் கேள்வி?

திருப்ப வேண்டாம். குறைந்தபட்சம் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். பதில் வராததற்கும் அவனுக்கு இயற்பியல் வருமா வராதா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் அனுப்பிய மெயில்களை எனக்கும் அனுப்பச் சொல்லிப் படித்தேன். அவற்றுக்கு நானாக இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன்.

தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மெயிலும் ஒரே மெயில். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறு வயதிலிருந்தே இயற்பியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கி, அவருடைய ஆய்வுகள் தன்னை மிகவும் ஈர்த்தன என்று போய், தனக்கு வழிகாட்ட வேண்டும் என்று முடிகிறது. எந்த ஆய்வு, அதில் எது ஈர்த்தது, எதற்கு வழி என்று ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மெயிலில் பெண் பேராசிரியரை "ஐயா" என்று கூப்பிட்டிருக்கிறான். ஒன்றில் முந்தைய பேராசிரியரின் பெயர் அப்படியே நிற்கிறது. வாசகங்கள் வழவழவென்று இருப்பதைப் பார்த்தால் ஏதோ ஒரு சாட்பாட் எழுதிக் கொடுத்ததுபோலத் தெரிகிறது. தினமும் இதே வாசகத்தில் வரும் கடிதங்களைப் படிக்கிறவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவனோடு போனில் பேசினேன். இயற்பியலில் ஏதாவது புரியாத விஷயம் உண்டா என்று கேட்டதும் கருந்துளையில் ஆரம்பித்தான். அது இருக்கட்டும், போன மாதம் லேபில் என்ன செய்தாய் என்றேன். அப்போதுதான் விஷயம் வந்தது.

நியூட்டன் வளையம் சோதனை. சமதளக் கண்ணாடித் தட்டின் மேல் குவிலென்ஸை வைத்து, சோடியம் விளக்கு வெளிச்சத்தில் டிராவலிங் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமுமாக வளையங்கள் தெரியும். நடுவில் கறுப்புப் புள்ளி தெரிய வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. இவனுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள், "அதெல்லாம் கண்டுக்காதே, கறுப்புன்னே எழுது" என்றிருக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் கறுப்பு என்று எழுதிவிட்டான். ரீடிங்கை வைத்துக் கணக்குப் போட்டால் லென்ஸின் வளைவு ஆரம் ஏறக்குறைய சரியாகவே வந்துவிட்டது. நடுவே தப்பாகத் தெரியும்போது விடை மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று அவனுக்குள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதை யாரிடமும் கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா, பெரிய மனிதர்களிடம் பெரிய விஷயமாகத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

அம்மா, ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பதில் எழுதக்கூடிய கேள்வி இதுதான். கருந்துளைக் கேள்விக்கு அவர் ஒரு புத்தகமே எழுத வேண்டும். இதற்கு ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியை எழுதுவதில் அவருக்கே ஒரு சந்தோஷம் உண்டு.

சரி, எப்படிக் கேட்பது? "நியூட்டன் வளையத்தை விளக்கவும்" என்று கேட்டால் மறுபடியும் "பாடப்புத்தகத்தைப் படி" என்றுதான் வரும். அப்படிச் சொன்னவர் திட்டவில்லை. கேள்வியில் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் கொடுத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நானும் தம்பியும் எழுதிப் பார்த்தது ஏறத்தாழ இப்படி வந்தது:

"நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவன். 589.3 நானோமீட்டர் சோடியம் ஒளியில் நியூட்டன் வளையம் சோதனை செய்தேன். எதிரொளிப்பில் பார்க்கும்போது நடுவில் கறுப்புக்குப் பதில் வெளிச்சம் தெரிந்தது. லென்ஸையும் தட்டையும் துடைத்துவிட்டு மறுபடி வைத்தபோது நடுப்புள்ளியின் வெளிச்சம் மாறியது, ஆனால் முழுக்கக் கறுக்கவில்லை. வளையத்தின் விட்டத்தின் இருமடியை வளைய எண்ணோடு வரைபடம் போட்டேன். நேர்கோடு வருகிறது, ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை (படம் இணைத்துள்ளேன்). இடையில் தூசி இருந்து லென்ஸ் தட்டைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் கோடு இடம் மாறுமே தவிர, அதன் சாய்வு மாறாது. அதனால்தான் வளைவு ஆரம் சரியாக வந்ததா? இந்த விளக்கத்தில் எங்காவது தவறு இருக்கிறதா?"

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். என்ன செய்தான், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, அதற்குப் பிறகு தானாக என்ன முயற்சி செய்தான், இவனுடைய ஊகம் என்ன, கேட்பது என்ன. அலைநீளம் அலகோடு இருக்கிறது. படம் இருக்கிறது. ஆர்வம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

இன்னொரு விஷயமும் நடந்தது. கேள்வியை இந்த அளவுக்கு எழுதி முடிக்கும்போது முக்கால் பதில் அவனுக்கே தெரிந்துவிட்டது. இடைவெளி அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 147 நானோமீட்டர், அல்லது அதன் ஒற்றைப்படை மடங்கு இருந்தால் நடுப்புள்ளி வெளிச்சமாகிவிடும். வளையத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும் சாய்வு அதேதான். இதை அவனே தாளில் போட்டுக் காட்டினான். நான் இயற்பியல் ஆசிரியன் இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

முக்கால் பதில் தெரிந்த பிறகும் அனுப்பலாமா என்று கேட்டான். தாராளமாக அனுப்பலாம். ஆனால் முதல் மெயில் அவனுடைய கல்லூரியில் ஒளியியல் எடுக்கும் ஆசிரியருக்குப் போகட்டும். வெளியூர்ப் பேராசிரியர் அப்புறம். சொந்தக் கல்லூரி ஆசிரியரைத் தாண்டிக் குதித்து வெளியே கேட்பது நம் பிள்ளைகளிடம் அதிகம். அங்கே கேட்டால் "சிலபஸில் இல்லை" என்பார்கள் என்ற பயம். சிலர் அப்படிச் சொல்வார்கள்தான். ஆனால் நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கப்போவது அவர்தான். "வகுப்பில் ஒழுங்காக இருப்பான்" என்று எழுதுவதற்கும் "ரெக்கார்டில் பொருந்தாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டான்" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வுக்குழு பார்க்கும்.

கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ராமானுஜன்கூடத் தெரியாதவருக்கு எழுதித்தானே பெரிய ஆளானார்?" உண்மை. ஆனால் அவர் எழுதிய விதத்தைப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு அவர் எழுதிய, 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்: மதராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அடுத்து நேராக ஹார்டியின் நூலுக்கு வந்துவிடுகிறார். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்குத் திட்டமான சூத்திரம் இன்னும் கிடைக்கவில்லை என்று நீங்கள் 36ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். பக்க எண்ணோடு! கூடவே தேற்றங்கள் எழுதிய தாள்களை இணைத்திருந்தார். அதற்கு முன் எழுதிய இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதர்களிடமிருந்து அவருக்கு உதவி எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

பகா எண் பற்றி ராமானுஜன் சொன்னது பின்னால் தவறு என்று ஆனது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார்; புகழ்ந்ததோடு நிற்காமல் நிரூபணங்களைக் கேட்டார். அறிவியலில் நல்ல பதில் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும், எதிர்க்கேள்வியாக. உங்கள் மகனுக்கும் "வரைபடத்தில் எத்தனை புள்ளி? பிழை எவ்வளவு?" என்று இரண்டு வரி வரக்கூடும். அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளி வைக்கக் கூடாது. அவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஊகம் எதுவும் இல்லாமல், பார்த்ததை மட்டும் வைத்தும் கேட்கலாம். 2007இல் ஹானி வான் ஆர்க்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, பொதுமக்கள் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்த உதவிய ஒரு திட்டத்தில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐ.சி. 2497 என்ற மண்டலத்துக்குப் பக்கத்தில் நீலமாக ஏதோ தீற்றல். இது என்ன என்று கேட்டார், அவ்வளவுதான். வானியலாளர்களுக்கே உடனே பதில் தெரியவில்லை. பக்கத்து மண்டலத்தின் மையம் முன்பு பிரகாசமாக எரிந்தபோது வந்த ஒளியால் ஒளிரும் வாயு அது என்று பிறகு புரிந்தது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். எந்தப் படம், எந்த இடம் என்று காட்டிக் கேட்டதால் மற்றவர்களும் போய்ப் பார்க்க முடிந்தது.

இனி சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் இவற்றால்தான் பல மெயில்கள் குப்பைக்குப் போகின்றன. ஒரு மெயில் ஒரு ஆளுக்கு மட்டும். தலைப்பு வரியில் "உதவி தேவை" வேண்டாம், "நியூட்டன் வளையத்தில் நடுப்புள்ளி வெளிச்சமாகத் தெரிவது பற்றி" என்று இருக்கட்டும். சமன்பாட்டை வளைத்து வளைத்து டைப் செய்வதைவிடத் தாளில் தெளிவாக எழுதிப் படம் எடுத்து இணைத்தாலே போதும். அடுத்த விடுமுறையில் லேடெக்ஸ் (சமன்பாடுகளோடு கட்டுரை தயாரிக்க உதவும் மென்பொருள்) கற்றுக்கொள்ளட்டும், ஆய்வுப் பக்கம் போனால் எப்படியும் தேவைப்படும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். அதற்குப் பிறகு அந்த ஆளை விட்டுவிட வேண்டும். அவர் வெளியூரில் இருக்கலாம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கலாம். பதில் வந்தால் நன்றி சொல்வதோடு, அவர் சொன்னதைச் செய்து பார்த்து என்ன ஆயிற்று என்றும் எழுத வேண்டும். இதைச் செய்கிற மாணவர்கள் அபூர்வம். அதனாலேயே அவர்கள் பெயர் நினைவில் நிற்கும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளை, இங்கிலீஷ் தடுமாறுகிறதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கேள்வியில் விஷயம் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். சாட்பாட்டிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லலாம். கடிதத்தையே எழுதச் சொன்னால் அவனுடைய கேள்வி அதில் இருக்காது, பழைய மெயில்களில் நடந்தது அதுதான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களோ அப்பாவோ அவன் சார்பில் எந்தப் பேராசிரியருக்கும் எழுதவோ போன் செய்யவோ வேண்டாம். "இன்றைக்குப் பதில் வந்ததா?" என்று தினமும் கேட்கவும் வேண்டாம். வேண்டுமானால், "அந்த வளையம் என்னடா ஆச்சு, எனக்குக் கொஞ்சம் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல அவன் படும் பாடு நல்ல பயிற்சி.

இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்றால், நேரடியாகவே உதவும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று தேசிய அறிவியல் கழகங்களும் சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வு வாய்ப்பு தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை, உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தில் என்ன செய்ய விரும்புகிறார் என்று மாணவர் தன் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும், ஆசிரியர் பரிந்துரையும் வேண்டும். "தீராத ஆர்வம்" அங்கேயும் செல்லாது. பிறகு பிஎச்.டி. நேர்காணல்களில் பெரும்பாலும் நீ செய்த சோதனையைச் சொல் என்றுதான் தொடங்குவார்கள். நடுப்புள்ளி ஏன் கறுப்பு என்பது அங்கே சர்வசாதாரணக் கேள்வி.

எம்.சி.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். அதற்கான டான்செட் தேர்வை அவன் மூன்றாம் ஆண்டில் எழுதினால் போதும், கதவு எங்கும் சாத்திவிடவில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வும் மூன்றாம் ஆண்டில்தான். வழக்கமாக விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும். இரண்டையும் எழுதட்டும், மதிப்பெண் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். ஆக இந்த வருடம் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மெயிலை அனுப்புவதற்கு முன் வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் போட்டிருக்கிறானா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அனுப்பிய பிரதியில் அது இல்லை.