மக்களவை சபாநாயகர் பதவியேற்கும்போது தனியாக உறுதிமொழி எடுப்பதில்லையா?

இல்லை. அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் அமைச்சருக்கும் எம்.பி.க்கும் நீதிபதிக்கும் உறுதிமொழி வாசகம் இருக்கிறது, சபாநாயகருக்குக் கிடையாது. உறுப்பினராக எடுத்த உறுதிமொழியே போதும்.

ஆகவே அவைக்குள் நடக்கும் சபாநாயகர் தேர்தலில் வென்று இருக்கையில் அமர்வதுதான் பதவியேற்பு. முதலில், குடியரசுத் தலைவர் நியமிக்கும் தற்காலிக சபாநாயகர் முன்னிலையில் எம்.பி.க்கள் உறுதிமொழி எடுப்பார்கள். அதை எடுக்காதவர் வாக்களிக்க முடியாது. பலம் நெருக்கமாக இருக்கும் அவையில் இது சின்ன விஷயமில்லை. சபாநாயகர் தேர்தல் தேதிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள், இன்னாரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கான நோட்டீஸ் வந்துவிட வேண்டும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் வேறொருவர், கூடவே வேட்பாளரின் சம்மதக் கடிதம். தன் பெயரைத் தானே முன்மொழியவோ வழிமொழியவோ கூடாது.

பலரும் தவறாக நினைப்பது வாக்கெடுப்பைத்தான். எல்லாப் பெயர்களையும் ஒன்றாக வைத்து வாக்கு எண்ணுவதில்லை. தீர்மானங்கள் வரிசையாக வாக்குக்கு வரும். ஒன்று நிறைவேறியதும் மற்றவை எடுக்கப்படாது. 2024 ஜூன் 26 அன்று ஓம் பிர்லா குரல் வாக்கிலேயே தேர்வானார். பிறகு பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் அவரை இருக்கை வரை அழைத்துச் சென்றார்கள்.

மாநிலங்களவையில் கதை வேறு: குடியரசுத் துணைத் தலைவரே அதன் தலைவர். அவர் குடியரசுத் தலைவர் முன் உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் வருகிறார்.